பன்னிரண்டாவது பாட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டீர்கள்

மேக்னடிக் ஃபீல்ட்ஸ் என்ற அமெரிக்க இசைக் குழுவின் '69 லவ் சாங்ஸ்' ஆல்பத்தை நண்பர் ஒருவர் சொல்லிக் கேட்க ஆரம்பித்ததாகவும், பதினோரு பாட்டோடு நிறுத்திவிட்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஒரு பாட்டில் பியானோ, அடுத்ததில் பாஞ்சோ, அதற்கடுத்தது கௌபாய் பாட்டு. பாடுகிற ஆளும் மாறிக்கொண்டே இருக்கிறார். நாலைந்து குழுக்களின் பாட்டை ஒரே பெட்டியில் போட்டு மூடியது போல இருக்கிறது, இதை எப்படி ஒரு ஆல்பமாக நேசிக்க முடிகிறது என்பது உங்கள் கேள்வி.

நீங்கள் நிறுத்திய இடத்தைப் படித்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்து வருவது பன்னிரண்டாவது பாட்டு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் இது எப்படிப் பிறந்தது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். இந்தக் குழுவின் பாட்டெல்லாம் எழுதுபவர் ஸ்டீஃபின் மெரிட். நியூயார்க்கின் மன்ஹாட்டனில், தன்பாலின ஈர்ப்பாளர்கள் கூடும் ஒரு பியானோ பாரில் ஒரு நாள் உட்கார்ந்திருக்கிறார். பியானோக்காரர் ஸ்டீஃபன் சோண்ட்ஹைமின் நாடகப் பாட்டுகளை வாசித்துக்கொண்டிருக்கிறார். தானும் மேடைக்கு எழுத வேண்டியவன்தான் என்று மெரிட்டுக்கு அங்கே தோன்றுகிறது. நூறு காதல் பாட்டு எழுதி உலகத்துக்குத் தன்னை அறிமுகம் செய்துகொள்ளலாம் என்று நினைக்கிறார். நூறு என்றால் எவ்வளவு நேரம் ஓடும் என்று கணக்குப் போட்டதும் 69-க்கு இறங்குகிறார். 1999 செப்டம்பரில் மெர்ஜ் ரெக்கார்ட்ஸ் அதை மூன்று வட்டுகளாக வெளியிட்டது. வட்டுக்கு 23 பாட்டு. மொத்தம் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அந்த ஆண்டு 'வில்லேஜ் வாய்ஸ்' இதழ் அமெரிக்க இசை விமர்சகர்களிடம் நடத்திய வாக்கெடுப்பில் இரண்டாவது இடம் கிடைத்தது.

இது காதலைப் பற்றிய ஆல்பம் இல்லை, காதல் பாட்டுகளைப் பற்றிய ஆல்பம் என்று மெரிட் சொல்லியிருக்கிறார். காதல் பாட்டுக்கும் காதலுக்கும் வெகுதூரம் என்பது அவருடைய எண்ணம். முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம் வந்தது. 'பாப்பா வாஸ் எ ரோடியோ'வைக் கேட்டுத் தொண்டை அடைத்துப்போனவனிடம் வந்து, அது காதல் இல்லை, பாட்டின் வடிவம் என்று சொன்னால் எப்படி இருக்கும்? பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. அவர் உணர்ச்சியை மறுக்கவில்லை. பாட்டில் பேசுகிற 'நான்' வேறு ஒருவர், அவரைத் தன்னோடு போட்டுக் குழப்பாதீர்கள் என்கிறார், அவ்வளவுதான்.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதே இல்லை. குறுந்தொகையின் 401 பாட்டும் யாரோ ஒருவரின் கூற்று. தலைவி கூற்று, தோழி கூற்று, தலைவன் கூற்று என்று பாட்டின் தலையிலேயே எழுதி வைத்திருக்கிறோம். ஆண் புலவர் தலைவியாக நின்று பேசுவார். அது அவருடைய சொந்தக் கதையா என்று நாம் கேட்பதில்லை. பாட்டு பொய் என்றும் நினைப்பதில்லை. இந்த ஆல்பத்தை நான் அப்படித்தான் கேட்கிறேன். அறுபத்தொன்பது கூற்றுகள். ஒவ்வொன்றும் யார் பேசுகிறாரோ அவருக்கு ஏற்ற உடையில் வருகிறது. ஊர் ஊராகச் சுற்றுகிறவன் பேசினால் கன்ட்ரி இசை, அமெரிக்கக் கிராமத்துப் பாட்டு. சொந்த ஊர்ப் பெண்ணிடம் விடைபெற்றுப் போர்முனைக்குப் போகிற ஐரிஷ் சிப்பாய் பேசினால் பழைய கதைப்பாடல் மெட்டு. இரவு நடனக்கூடத்தில் நிற்கிறவனுக்கு சிந்தசைசர். நீங்கள் கலவை என்று நினைத்தது இந்த உடை மாற்றத்தைத்தான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாணி மாறினால் ஆல்பம் சிதறிவிட்டது என்ற எண்ணம் நம்முடையது இல்லை, மேற்கத்திய ராக் ரசிகர்களுடையது. அவர்களுக்கு ஆல்பம் என்றால் ஒரு குழு, ஒரு குரல், ஒரே மாதிரி ஒலி. நாம் வளர்ந்தது சினிமாப் பாட்டில். ஒரே கேசட்டில் ஒரு குத்துப்பாட்டு, ஒரு மெலடி, ஒரு தாலாட்டு, ஒரு சோகம். அஞ்சு பாட்டுக்கு அஞ்சு பேர் பாடியிருப்பார்கள். ஆனாலும் அது யார் போட்ட மெட்டு என்று முதல் சரணம் முடிவதற்குள் நமக்குத் தெரிந்துவிடும். இசையமைப்பாளரின் கையைக் கேட்டே பழகிய காது நமக்கு. அந்தக் காதோடு இதைக் கேளுங்கள். ஆங்கில இசை கேட்கும்போது மட்டும் அதைக் கழற்றி வைக்க வேண்டிய அவசியம் இல்லை.

குரல் மாறுவதும் தற்செயல் கிடையாது. மெரிட்டைத் தவிர நான்கு பேர் பாடுகிறார்கள்: கிளாடியா கான்ஸன், ஷர்லி சிம்ஸ், எல்.டி. பெக்டல், டட்லி க்ளூட். ஆளுக்கு ஆறு பாட்டு, வட்டுக்கு இரண்டு வீதம். முதல் வட்டின் தொடக்கத்தைப் பாருங்கள். முதல் பாட்டு மெரிட். மூன்றாவது பெக்டல். ஐந்தாவது கிளாடியா. ஏழாவது ஷர்லி. எட்டாவது டட்லி. எட்டுப் பாட்டுக்குள் ஐந்து குரலும் மேடைக்கு வந்து முகம் காட்டிவிடுகின்றன. கூத்தில் கட்டியங்காரன் ஒவ்வொரு வேஷத்தையும் சபைக்கு அறிமுகம் செய்வது போலத்தான். நீங்கள் கேட்ட பதினோரு பாட்டு அந்த அறிமுகம். கதை தொடங்குகிற நேரத்தில் எழுந்துவிட்டீர்கள்.

சரி, எனக்கு இது எப்படிப் பிடித்தது என்று சொல்கிறேன். அறை நண்பன் ஒருவன் எம்பி3 கோப்புகளாக ஒரு வட்டில் எழுதிக் கொடுத்தான். கணினி எல்லாவற்றையும் அகரவரிசையில் அடுக்கிவிட்டது. ஆல்பத்தின் வரிசையே தெரியாமல் பல மாதம் கேட்டேன். கடைசியில் வர வேண்டிய 'ஸீப்ரா' மட்டும் அப்போதும் கடைசியில்தான் வந்தது. மீதி எல்லாம் கலைந்து கிடந்தன. நாலு பாட்டு பிடித்தது, இருபது பாட்டைத் தள்ளிவிட்டுப் போனேன். அதைக் காதல் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு ஒரு நாள் மதுரையிலிருந்து சென்னைக்கு இரவுப் பேருந்து. திருச்சி தாண்டியிருக்கும், எல்லோரும் தூங்கிவிட்டார்கள். 'பாப்பா வாஸ் எ ரோடியோ' வந்தது. மலிவான ஒரு பாரில் ஒருவன் மைக் என்கிற ஆளிடம் பேசுகிறான். என்னிடம் ஆசை வைக்காதே, காலையிலேயே நான் போயாக வேண்டும், என் அப்பா ஒரு ரோடியோ (கௌபாய்களின் குதிரை, காளைச் சாகச விளையாட்டு), எனக்கு வீடென்று ஒன்று இருந்ததே இல்லை, ஊர் சுற்றியே வளர்ந்தவன் என்கிறான். மெரிட்டின் குரல் தரைக்குக் கீழிருந்து வருவது போன்ற கனத்த கீழ்ஸ்தாயிக் குரல். அதில் இந்த வார்த்தைகளைக் கேட்டால் இவன் போய்விடுவான் என்று நிச்சயமாக நம்பிவிடுவோம். ஆனால் கடைசிச் சரணத்தில் சட்டென்று 55 வருடம் கடந்துவிடுகிறது. அவன் மைக்கை விட்டுப் போகவே இல்லை. இருவரும் ஒரு வாழ்க்கை முழுக்கச் சேர்ந்தே இருந்திருக்கிறார்கள். அப்போது ஷர்லி சிம்ஸின் குரல் உள்ளே வருகிறது. அத்தனை நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்த மைக்கின் பதில் அது. என் அப்பாவும் அப்படித்தான் என்பதுதான் அந்தப் பதில்.

பேருந்தில் உட்கார்ந்து அழுதேன். தப்பித்து ஓடுகிறவன் சொல்கிற அதே பல்லவி, கிட்டத்தட்ட அப்படியே, சேர்ந்து வாழ்ந்தவர்களின் பல்லவியாக ஆகிவிட்டது. கன்ட்ரி இசையில் ஊர் சுற்றியின் பாட்டு என்று ஒரு மரபு இருப்பதால்தான் இது முடிந்தது. அந்த மெட்டைக் கேட்டதுமே முடிவு என்ன என்று நமக்குத் தெரிந்ததாக நினைக்கிறோம். அந்த நினைப்பைத்தான் அவர் கடைசி நிமிடத்தில் புரட்டுகிறார். இதே வரிகளை எலக்ட்ரானிக் நடனப் பாட்டாகப் போட்டிருந்தால் இந்த அடி விழுந்திருக்காது. ஆல்பத்தில் பாணி எதற்காக மாறுகிறது என்று அந்த இரவில்தான் எனக்குப் புரிந்தது.

ஊருக்குத் திரும்பியதும் சரியான வரிசையில் மறுபடி முதலிலிருந்து கேட்டேன்.

எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிற அந்த ஒரே கை எது என்று கேட்டால், எனக்கு முதலில் காதில் விழுவது சிக்கனம். 69 பாட்டு, சுமார் 172 நிமிடம். சராசரியாக ஒரு பாட்டு இரண்டரை நிமிடம். சொல்ல வந்ததைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். நீண்ட முன்னிசை கிடையாது, கிடார்காரர் தன் திறமையைக் காட்டிக்கொண்டு நிற்கும் இடமும் கிடையாது. வாத்தியங்களும் அளவாக இருக்கும்: உகுலேலே, ஜான் வூவின் பாஞ்சோ, சாம் டாவலின் செல்லோ, டேனியல் ஹேண்ட்லரின் அக்கார்டியன். இந்த ஹேண்ட்லர்தான் லெமனி ஸ்னிக்கெட் என்ற பெயரில் குழந்தைகளுக்குக் கதை எழுதுபவர். பெட்டியோடு வந்த சிறு புத்தகத்தில் ஒவ்வொரு பாட்டைப் பற்றியும் மெரிட்டோடு பேசியிருப்பவரும் அவர்தான். மெரிட்டுக்கு ஒரு காதில் ஹைப்பரகூசிஸ் என்ற கோளாறு உண்டு. கொஞ்சம் உரத்த ஓசையே அந்தக் காதுக்குப் பெரும் உபத்திரவம். அதனால் மேடையில் இந்தக் குழு சத்தத்தைக் குறைத்துத்தான் வாசிக்கும். ஒலியை அடக்கி வைத்தால் வார்த்தை மேலே வரும். இவர்கள் பாட்டில் ஒரு சொல் கூட வாத்தியத்துக்குள் மூழ்கிப் போவதில்லை.

அடுத்தது இயைபு, அதாவது அடிகளின் கடைசி ஓசை ஒத்துவருவது. இதற்காக மட்டுமே மூன்றாம் வட்டின் ஆறாவது பாட்டைக் கேட்கலாம்: 'தி டெத் ஆஃப் ஃபெர்டினாண்ட் டி சொஸ்யூர்'. நவீன மொழியியலின் தந்தை என்று பாடப்புத்தகங்கள் சொல்கிற ஸ்விட்சர்லாந்துக்காரர், 1913-ல் இறந்துபோனவர், பாட்டில் கதாபாத்திரமாக வருகிறார். காதலைப் பற்றி உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, யாருக்கும் தெரியாது என்கிறார். பேசிக்கொண்டிருந்த பாட்டுக்காரனுக்கு ஆத்திரம் தாங்கவில்லை, அவரைச் சுட்டுவிடுகிறான். யாருக்காகச் சுடுகிறான்? ஹாலண்ட், டோஸியர், ஹாலண்ட் என்ற மூவருக்காக. 1960-களில் டெட்ராய்டின் மோட்டவுன் நிறுவனத்துக்கு சுப்ரீம்ஸ், ஃபோர் டாப்ஸ் போன்றவர்கள் பாடிய காதல் பாட்டுகளை எழுதிக் குவித்தவர்கள் அவர்கள். இப்போது இயைபைக் கவனியுங்கள். சொஸ்யூர், க்ளோஷர், புல்டோசர், கம்போசர், கோஷர், டோஸியர். அந்தப் பேராசிரியரின் பெயரில் தொடங்கிய ஓசை பாட்டெழுதுபவரின் பெயரில் வந்து நிற்கிறது. வேடிக்கைப் பாட்டு போலத்தான் இருக்கும். ஆனால் மெரிட் தன் தொழிலுக்காக வாதாடுகிற இடம் இது என்று நான் நினைக்கிறேன். காதலைப் பற்றி எதையும் அறிய முடியாமல் இருக்கலாம், ஆனாலும் மூன்று நிமிடப் பாட்டு எழுதுகிறவன் ஏதோ ஒன்றைப் பிடித்துவிடுகிறான் என்று அவர் நம்புகிறார். அந்த நம்பிக்கை இல்லாதவர் அறுபத்தொன்பது எழுத முடியாது.

இன்னொரு விஷயமும் எனக்கு முக்கியம். இதில் ஆண் ஆணை நினைத்து உருகுகிறான், பெண் பெண்ணுக்காக ஏங்குகிறாள், ஆணும் பெண்ணும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். எதற்கும் தனி அறிவிப்பு கிடையாது. 'அகூஸ்டிக் கிடார்' என்ற பாட்டில் கிளாடியா தன் கிடாரிடம் கெஞ்சுகிறாள், என் பெண்ணைத் திரும்பக் கூட்டிக்கொண்டு வா, உன்னைப் பெரிய ஆளாக்குகிறேன் என்று. 1999-ல் இதைக் கேட்டவர்களில் தங்கள் காதலுக்குப் பாட்டே இல்லை என்று நினைத்திருந்தவர்கள் நிறையப் பேர் இருந்திருப்பார்கள். அவர்களுக்கும் எல்லா மெட்டும் கிடைத்தது. பாணி இத்தனை வகையாக இருப்பதன் கொடை அது.

எல்லாம் அற்புதம் என்று சொல்ல மாட்டேன். 'லவ் இஸ் லைக் ஜாஸ்', 'பங்க் லவ்', 'எக்ஸ்பெரிமென்டல் மியூசிக் லவ்' போலப் பாணியின் பெயரையே தலைப்பில் வைத்திருக்கும் பாட்டுகள் எனக்கு ஒட்டவே இல்லை. அவற்றில் உடை மட்டும் வருகிறது, உள்ளே ஆள் இல்லை. நான் தாண்டிப் போய்விடுவேன், நீங்களும் தாண்டலாம். மூன்றாவது வட்டில் கொஞ்சம் களைப்பும் தெரியும். ஆனால் அந்த வட்டில்தான் 'பஸ்பி பெர்க்லி ட்ரீம்ஸ்' இருக்கிறது. 1930-களின் ஹாலிவுட் படங்களில் நூற்றுக்கணக்கான நடனப் பெண்களை மலர் விரிவது போல அடுக்கிக் காட்டிய நடன இயக்குநரின் பெயரை வைத்துக்கொண்டு, விட்டுப் போனவரைக் கனவில் இன்னும் ஆட வைக்கிற பாட்டு. பியானோவும் குரலும்தான். அதற்காக மூன்றாம் வட்டின் எல்லாக் குறையையும் மன்னிப்பேன்.

எப்படிக் கேட்பது என்றும் கேட்டிருந்தீர்கள். ஒரே மூச்சில் கேட்காதீர்கள். குழுவே 2024-ல், ஆல்பம் வந்து 25 வருடம் ஆனதற்கு, எல்லாப் பாட்டையும் மேடையில் வாசித்தபோது இரண்டு இரவாகப் பிரித்துக்கொண்டது. எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு குரலைப் பின்தொடர்வது. கிளாடியாவின் ஆறு பாட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 'ரினோ டகோட்டா' ஒரு நிமிடச் சிணுங்கல். 'வாஷிங்டன் டி.சி.' கல்லூரி விளையாட்டு மைதானத்தில் ஊரின் எழுத்துகளைச் சொல்லிக் கத்துவது போலத் தொடங்கும். 'ஸீப்ரா' உலகத்தில் எல்லாமே வாங்கி முடித்த ஒரு பணக்காரியின் வால்ட்ஸ், மூன்று தட்டுத் தாளத்தில் சுழலும் நடன மெட்டு. இவற்றோடு 'ஸ்வீட் லவ்வின் மேன்', 'இஃப் யூ டோன்ட் க்ரை', முன்னே சொன்ன 'அகூஸ்டிக் கிடார்'. ஒரே பெண் ஆறு பேராக நிற்பாள். அது பழகிவிட்டால் அப்புறம் ஷர்லியிடம் போங்கள். 'கம் பேக் ஃப்ரம் சான் பிரான்சிஸ்கோ' நீங்கள் கேட்ட பதினொன்றில் ஏழாவதாக வந்ததுதான், ஆனால் இரண்டாம் வட்டின் 'நோ ஒன் வில் எவர் லவ் யூ'வைக் கேட்டுவிட்டு அதற்குத் திரும்புங்கள். முதலில் செல்லமாகக் கேட்ட குரலில் இப்போது பயம் கேட்கும். டட்லி க்ளூட் 'தி லக்கியஸ்ட் கய் ஆன் தி லோயர் ஈஸ்ட் சைட்' பாட்டின் முடிவில் ஒரு சுரத்தைப் பிடித்து நிறுத்துவாரே, அதை முதல் தடவை கவனித்தீர்களா தெரியவில்லை. அவளைச் சுற்றிப் பெரிய பெரிய ஆட்கள், இவனிடம் இருப்பதெல்லாம் ஒரு கார். அந்தக் காரில் அவள் ஏறி உட்கார்ந்த சந்தோஷம் அந்த ஒரு மூச்சில் இருக்கிறது.

இனி அந்தப் பன்னிரண்டாவது பாட்டு, 'தி புக் ஆஃப் லவ்'. இங்கிலாந்துப் பாடகர் பீட்டர் கேப்ரியல் தந்தி வாத்தியக் கூட்டத்தோடு பாடிய வடிவத்தை எங்காவது கேட்டிருப்பீர்கள். 2010-ல் வந்த அவருடைய 'ஸ்க்ராட்ச் மை பேக்' ஆல்பத்தில் இருக்கிறது, கல்யாணங்களில் நிறைய ஒலிக்கிறது. அழகான வடிவம்தான். ஆனால் அதை மறந்துவிட்டு மெரிட்டின் வடிவத்தைக் கேளுங்கள். பதினோரு பாட்டாக மாறி மாறி வந்த உடையெல்லாம் இதில் கழன்றுவிடுகிறது. மெல்ல மீட்டுகிற தந்தியும் அந்தக் கனத்த குரலும்தான். காதலின் புத்தகம் நீளமானது, அலுப்பூட்டுவது, தூக்கக்கூட முடியாது, உள்ளே முழுக்க அட்டவணையும் செய்முறையும்தான் என்று முதலிலேயே ஒப்புக்கொள்கிறார். ஆனால் நீ எனக்கு அதை வாசித்துக் காட்டினால் பிடிக்கிறது என்கிறார். எதை வேண்டுமானாலும் வாசி என்கிறார். அடுத்த சரணத்தில் அந்தப் புத்தகத்துக்குள் இசை இருக்கிறது என்று வருகிறது, அதில் சில பகுதி மிக உயர்ந்தது, சில பகுதி சுத்த அசட்டுத்தனம் என்கிறார். ஆனால் நீ எனக்குப் பாடினால் பிடிக்கிறது. ஆல்பம் முழுக்க அவர் செய்கிற வேலையை இந்த இடத்தில் மட்டும் நேராகச் சொல்லிவிடுகிறார்.

இரண்டே முக்கால் நிமிடத்துக்கும் கொஞ்சம் குறைவு. இன்று இரவு வேலையெல்லாம் முடித்துவிட்டு அதை மட்டும் கேளுங்கள், பதிமூன்றாவதுக்குப் போக வேண்டாம். கேட்டுவிட்டு எழுதுங்கள்.